பகலில் ஆள் இல்லை

பட்டனைத் தட்டிவிட்டேன். இனி இரண்டு மணி நேரத்துக்கு எனக்கு வேலை இல்லை, கம்ப்யூட்டருக்குத்தான் வேலை. திரையின் அடியில் ஒரு பச்சைக்கோடு நகர்கிறது, அதாவது நகர்வதாகச் சொல்கிறார்கள், நான் பார்க்கும்போது நிற்கிறது, வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. சாப்பிட்ட டப்பா மேசையிலேயே கிடக்கிறது. கழுவ வேண்டும். டப்பாவின் மூலையில் மாதுளை முத்து இரண்டு ஒட்டியிருக்கிறது, நேற்றுச் சாயங்காலம் டூட்டிக்குக் கிளம்பும் முன்னால் ஜெசிந்தா தயிர்சாதம் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைத்தது. அவள் வைத்ததை நான் எடுக்கிறேன், நான் வைத்ததை அவள் எடுக்கிறாள், நடுவில் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. இப்போது தூங்கிக்கொண்டிருப்பாள். தூங்குகிற நேரத்தில் கூப்பிடக் கூடாது, அது எங்கள் வீட்டுச் சட்டம், ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு வருகிறவளைப் பகலில் போன் போட்டு எழுப்புகிறவன் மனுஷன் இல்லை. அதனால் நான் கூப்பிட்டதே இல்லை. காலையில் படிக்கட்டில் அவள் கேட்டதற்கு, உன் இஷ்டம் என்றுதான் சொன்னேன். அதில் என்ன தப்பு இருக்கிறது? எத்தனை வீட்டில் பெண்டாட்டி இஷ்டம் என்று விடுகிறார்கள்? நல்ல வார்த்தைதான் அது. நல்ல வார்த்தை என்றால் காலையிலிருந்து ஏன் தொண்டையிலேயே நிற்கிறது, மீன்முள் மாதிரி, தண்ணீர் குடித்தாலும் இறங்கவில்லை. பத்ரி சார் கண்ணாடி அறையிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார், ஓடுகிறதா என்று கேட்கிறார், நானும் உயர்த்திக் காட்டினேன். ஓடுகிறது சார். எல்லாம் ஓடுகிறது.

ஓடுவது ஒரு நர்ஸ் ஹாஸ்டல். இன்னும் கட்டவில்லை, பெரும்பாக்கத்தில் முள்வேலி போட்ட காலிமனையாகத்தான் இருக்கிறது, ஆனால் என் திரையில் நாலு மாடி எழும்பி ஒரு வருஷத்து வெயில் அதன்மேல் அடித்து ஓய்ந்தும் விட்டது. கட்டுவதற்கு முன்னாலேயே அதற்குள் எவ்வளவு வேகும், எவ்வளவு கரண்ட் தின்னும் என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பு. அதற்கு ஒரு நாளைத் தேர்ந்தெடுப்போம், டிசைன் டே என்று பெயர். ஊரிலேயே படுமோசமான நாள் என்று வெளியில் சொல்லிக்கொள்வோம், உண்மையில் படுமோசமான நாள் இல்லை. படுமோசமானதில் ஒரு முப்பது சொச்சம் மணி நேரத்தைக் கழித்துவிடுவோம், அந்த நேரத்தையும் சமாளிக்கிற மெஷின் வாங்கினால் செலவு எகிறிவிடும், அதனால் அந்த முப்பது சொச்சத்தில் மெஷின் தோற்றால் தோற்கட்டும் என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பத்ரி சார்தான் சொல்லிக்கொடுத்தார், "எல்லாத்துக்கும் டிசைன் பண்ண முடியாதுய்யா பெனிட்டோ, கொஞ்சத்தை விட்டுடணும்" என்றார். விட்டுவிட்டேன். போன மே மாசம் ஆஸ்பத்திரி வராந்தாவில், அவள் வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரிதான், உள்ளே அவளைப் படுக்கவைத்திருந்த அன்றைக்கு, சுவரில் கை வைத்தேன், சுவர் சுட்டது, இது கழித்துவிடுகிற மணிகளில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். குழந்தை போய்விட்டது என்று டாக்டரம்மா வந்து சொன்னபோது எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது அதுதான். ஆறாம் மாசம். துக்கம் என்று ஒன்று வரும், வந்தால் அழலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போடுவார்களே, ஈறு இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நாக்கால் தடவிக்கொண்டே இருப்போமே, அப்படி ஒரு வருஷமாகத் தடவிக்கொண்டிருக்கிறேன். மருந்து இறங்கியதும் வலிக்கும் என்றுதான் சொன்னார்கள்.

கோடு கொஞ்சம் தள்ளி நிற்கிறது. இந்த புரோகிராமில் ஒரு வேடிக்கை உண்டு, யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் வேடிக்கையாகத் தெரியாது. எடுத்த எடுப்பில் கணக்குப் போடாது. சுவர், தரை, தளமெல்லாம் எவ்வளவு சூட்டைப் பிடித்துவைத்திருக்கின்றன என்று அதற்குத் தெரியாதல்லவா, அதனால் முதல் நாளையே திரும்பத் திரும்ப ஓட்டும். அதே சூரியன், அதே காற்று, அதே ஆட்கள். நேற்றைய சூடும் இன்றைய சூடும் வித்தியாசமே இல்லாமல் ஒன்றாகிற வரைக்கும் அதே நாள். ஒன்றானதும், கட்டடம் தயார் என்று சொல்லிவிட்டு நிஜக் கணக்கை ஆரம்பிக்கும். எங்களுக்கு அது எப்போதோ ஒன்றாகிவிட்டது. காலையில் அவள் படியேறி வருகிறாள், நான் இறங்கிப் போகிறேன். சாயங்காலம் நான் ஏறுகிறேன், அவள் இறங்குகிறாள். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, இரண்டாவது மாடித் திருப்பத்தில்தான் பெரும்பாலும் சந்திப்பு. சாப்பிட்டாச்சா, கேஸ் மூடினீங்களா, தண்ணி கேன் வந்துச்சா. அவள் கையிலிருந்து ஆஸ்பத்திரி சானிடைசர் வாசனை வரும். முதலில் அவளுக்கும் பகல் டூட்டிதான். மே மாசத்துக்கு அப்புறம் அவளாகவே கேட்டு ராத்திரி வாங்கிக்கொண்டாள், "பகல்ல ஒறங்கிட்டா நல்லதுன்னு இருக்கு" என்றாள், தூத்துக்குடியை விட்டு வந்து ஆறு வருஷமாகியும் உறக்கம் அவளுக்கு ஒறக்கம்தான். எனக்கும் நல்லதாகவே பட்டது. ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இது மேல். மூன்று மாசம், ஆறு மாசம், நேற்றும் இன்றும் ஒன்று. இன்று மட்டும்தான் அந்தத் திருப்பத்தில் அவள் நின்றாள். பையைத் தோளிலிருந்து இறக்கிக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். "மஸ்கட் வேலைக்கு ஏஜென்சிக்காரன் இன்னைக்குள்ள பதில் கேக்கான். ரெண்டு வருஷம். போகட்டுமா?" என்றாள். எனக்கு பஸ் வருகிற நேரம். அது காரணம் இல்லை. வாயைத் திறந்தேன், உன் இஷ்டம் என்று வந்தது. அவள் என் சட்டைப் பொத்தானையே கொஞ்சம் பார்த்தாள். "சாப்பாட்ட எடுத்துட்டீங்கல்லா?" என்றாள். எடுத்துவிட்டேன் என்று பையைத் தூக்கிக் காட்டினேன்.

டப்பாவைக் கழுவ எழுந்தேன், எழுந்தவன் உட்கார்ந்துவிட்டேன், பத்ரி சார் வருகிறார். நல்ல மனுஷர், சத்தம் போட மாட்டார், பின்னால் நின்று நாற்காலி முதுகைத் தட்டுவார். "அஞ்சு மணிக்கு அனுப்பிடலாம் இல்ல? டாப் ஃப்ளோர் இன்சுலேஷன எடுத்துட்டேன்னு கிளையன்ட் கிட்ட சொல்லிட்டேன். ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" மொட்டை மாடியில் வெப்பம் இறங்காமல் ஒரு அடுக்கு போடுவதாக இருந்தது, அதைத்தான் எடுத்துவிட்டோம். போன ரன்னில் பிரச்சனை எதுவும் காட்டவில்லை என்றேன். "எப்படிக் காட்டும்? பகல்ல யாருய்யா ஹாஸ்டல்ல இருப்பா? காலைல போனா சாயங்காலம்தான்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார். சரிதான். அப்படித்தான் போட்டிருக்கிறேன். ஷெட்யூல் என்று ஒரு அட்டவணை, இருபத்து நாலு கட்டம், ஒவ்வொரு மணிக்கும் ஒரு எண். எல்லாரும் இருந்தால் ஒன்று, ஒருவரும் இல்லை என்றால் பூஜ்யம், பாதிப் பேர் என்றால் அரை. ஒவ்வொரு தடவையும் புதிதாக யோசிக்க மாட்டோம், ஆபீஸ் என்றால் ஆபீஸுக்கு ஒன்று, பள்ளிக்கூடம் என்றால் அதற்கொன்று, ஹாஸ்டல் என்றால் அதற்கும் ஒன்று தயாராக இருக்கும், இழுத்துவந்து ஒட்டினால் முடிந்தது. ஹாஸ்டலுக்கு ராத்திரி ஒன்று, பகலில் பூஜ்யம். ஆள் இல்லாத மணியின் சூட்டை நாங்கள் சூடு என்று எண்ணுவதில்லை. அறை வேகும், கணக்கில் அந்த எண் உள்ளே எங்கேயோ கிடக்கும், ஆனால் யாரும் இல்லாத அறை வெந்தால் யாருக்கு என்ன? ரிப்போர்ட்டில் வராது. காலைல போனா சாயங்காலம்தான். காலைல போனா. சாயங்காலம். பத்ரி சார் சொன்னது காதில் சுற்றுகிறது. அது நர்ஸ் ஹாஸ்டல். நர்ஸ். பெயரை நான்தான் டைப் அடித்தேன், ஃபைல் பெயரிலேயே நர்ஸ் என்று இருக்கிறது, எத்தனை வாரமாகத் திறந்து மூடுகிறேன். சாயங்காலம் போய்க் காலையில் வருகிற ஒருத்தியின் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, அந்த டப்பாவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பகலில் ஆள் இல்லை என்று வரிசையாகப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். வேறு எவன் போட்டாலும் தெரியாமல் போட்டான் எனலாம். எனக்கு அதிர்ச்சி வரவேண்டும். வரவில்லை. காது மட்டும் கொஞ்சம் சூடாகிறது.

நிறுத்தலாம். நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து, ரிப்போர்ட்டும் புதிதாக, அஞ்சு மணிக்கு அனுப்ப முடியாது. பச்சைக்கோடு பாதியைத் தாண்டியிருக்கிறது. அதை ஓடவிட்டுவிட்டு, ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது, பழைய ஃபோல்டர் ஒன்றைத் திறந்தேன். பள்ளிக்கரணை வீடு என்று பெயர். குடிவந்த புதிதில் விளையாட்டாகப் போட்டது, எங்கள் வீட்டை அப்படியே வரைந்தேன், மேற்கே பார்த்த படுக்கையறை, நடுவில் ஹால், கிழக்கே ஒண்டியாக அடுக்களை. ஜெசிந்தா பின்னால் நின்று பார்த்து, "ஏன், நாம ரெண்டு பேரும் எங்க இருக்கோம்?" என்றாள். ஆள் எல்லாம் இதில் எண்ணாகத்தான் தெரியும் என்று காட்டினேன். அப்புறம் அவளுக்கு நாள் தள்ளிப்போனது உறுதியானதும் உட்கார்ந்து ஆகஸ்ட் மாசத்திலிருந்து மூன்று என்று மாற்றினேன். அவள் சிரித்த சிரிப்பு, "பிள்ள எவ்வளவு சூடு விடும்னும் அதுல இருக்கா?" என்றாள். இருக்கிறது, குழந்தைக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது திறந்தால் அப்படியே இருக்கிறது. ஆகஸ்டிலிருந்து மூன்று. யாரும் மாற்றவில்லை, யார் மாற்றுவார்கள்? மூன்றை அழித்தேன். கர்சர் அந்தக் கட்டத்தில் விட்டு விட்டு மின்னியது. இரண்டு என்று போட வேண்டும், கொஞ்ச நேரம் போடவில்லை, பிறகு போட்டேன். பகல் கட்டங்களைப் பார்த்தேன். இங்கும் பூஜ்யம். இரண்டு பேரும் பகலில் வேலைக்குப் போன காலத்தில் போட்டது, அதுவும் அப்படியே. அழித்து அரை போட்டேன். இரண்டு பேரில் ஒருத்தி. எங்கள் இரண்டு பேருடையதையும் கூட்டிப் பார்த்தால் அந்த வீட்டில் எந்நேரமும் ஒரு ஆள் இருக்கிறது, ஒரு நாளும் இரண்டு இல்லை. ஏசியை என்ன செய்வது? ஓடுகிறது என்று போடப் போனேன், கை நின்றது. காலையில் ஏசியை அணைத்து ரிமோட்டை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு வருவேன். சாயங்காலம் போனால் அதே இடத்தில் இருக்கும், அதே பக்கம் பார்த்துக்கொண்டு. சிக்கனக்காரி, எழுந்ததும் எடுத்து அதே இடத்தில் வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். நினைத்தேனா, நினைக்கக்கூட இல்லையா? அணைந்திருக்கிறது என்று போட்டு டிசைன் டேயை மட்டும் ஓட்டினேன்.

சின்ன வீடு, சீக்கிரம் முடிந்துவிட்டது. படுக்கையறை, மதியம் மூன்று மணி, முப்பத்தொன்பதைத் தாண்டுகிறது. மேற்குச் சுவரும் மேலே மொட்டை மாடித் தளமும் சேர்ந்து கொடுப்பது. ஹால் கொஞ்சம் குறைவு. வீட்டிலேயே குறைவு அடுக்களைதான், நாலு டிகிரி வித்தியாசம். அடுக்களை. அடுக்களைக் கதவுக்குப் பின்னால் பாய் ஒன்று சுருட்டிச் சாத்தியிருக்கும். சாயங்காலம் தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், ஒரு முனை ஈரமாக இருக்கும். தரையைத் துடைத்தாளாக்கும் என்று தாண்டிப் போவேன். சிங்க் அடியில் ஒரு ஆள் படுக்க இடம் உண்டு, காலைக் கொஞ்சம் மடக்க வேண்டும், தலைமாட்டில் கேஸ் சிலிண்டர் வரும். அந்த இடத்தில் தரையை ஈரமாக்கிப் பாயை விரித்து, சிலிண்டருக்குப் பக்கத்தில் தலையை வைத்து, எப்போதிலிருந்து? சூடு எப்போதும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஆள் இல்லை என்று போட்டுவிட்டதால் என் கண்ணில் படவில்லை. நான் அந்த வீட்டில் மதியம் மூன்று மணிக்கு இருந்ததே கிடையாது, ஞாயிற்றுக்கிழமைகளில்கூடக் கோயில் முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவோம், அல்லது நான் மட்டும் போய்விடுவேன். பயமாக இருந்தது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாகத் தெளிவாக ஒன்று தெரிந்தது, எனக்குப் பயமாக இருக்கிறது, அவள் போய்விடுவாள். போனை எடுத்தேன். மூன்று மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. தூங்குகிறவளை எழுப்பக் கூடாது. எழுப்பினேன்.

முதல் மணி முழுசாக அடிக்கக்கூட இல்லை, எடுத்துவிட்டாள். "என்னது, ஒங்களுக்கு என்ன ஆச்சு?" என்றாள். பகலில் நான் கூப்பிட்டால் என்னவோ ஆகியிருக்க வேண்டும். ஒன்றும் இல்லை என்றேன், ஒறங்கலையா என்று கேட்டேன். "இதுக்குள்ள எவ ஒறங்குவா." அடுக்களையிலா என்று கேட்டேன். குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது, சிங்குக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறாள். "ஏசி?" என்றேன். "மத்தியானம் வோல்டேஜ் பத்தாது, போட்டா ட்ரிப் ஆவுது. மார்ச் மாசத்துலருந்து." ராத்திரி நான் போட்டால் ஒழுங்காக ஓடும், குளிரக் குளிர ஓடும், போர்வை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். கோபமில்லாமல் சொன்னாள், கோபப்பட்டிருக்கலாம், "ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன். எந்தக் கட்டடத்துல எவ்வளவு வேகும்னு பாக்குறதுதான ஒங்க வேலையே." நான் திரையைப் பார்த்தேன், முப்பத்தொன்பது அங்கேயே நின்றது. ஏஜென்சிக்காரனிடம் சொல்லிவிட்டாளா என்று கேட்க வேண்டும், அதற்குள் அவளே சொன்னாள். "அவன்ட்ட காலையிலேயே சரின்னுட்டேன். நீங்க சொன்னதும் மாடி ஏறுறதுக்குள்ள போன் போட்டுட்டேன்." வலித்தது. எங்கே என்று கைவைத்துக் காட்ட முடிகிற இடத்தில் வலித்தது, மருந்து இறங்கிவிட்டது போல. "போகாத, ஜெசிந்தா" என்றேன். என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை, பக்கத்து மேசைப் பையன் ஹெட்போனைக் கழற்றித் திரும்பிப் பார்த்தான். குழாய் சொட்டியது. "மாத்திச் சொல்ல முடியாதா?" என்றேன். மூக்கை உறிஞ்சுகிறாளா, சும்மா மூச்சு விடுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு, "மொதல்ல நீங்க வாங்க. வந்து பெட்ரூம்ல கதவச் சாத்திட்டு ஒரு மணி நேரம் படுங்க. அதுக்கப்புறமும் போகாதன்னு வாயில வந்துச்சுன்னா, அவன்ட்ட பேசுதேன்" என்றாள். எப்போ என்று கேட்டேன், முட்டாள்தனமாக. "வெயில் இருக்கும்போதே வாங்க" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

டப்பாவை மூடிப் பையில் போட்டேன், கழுவவில்லை. பச்சைக்கோடு முக்கால்வாசி போயிருந்தது. நிறுத்து என்பதைத் தட்டினேன், நிச்சயமாகவா என்று கேட்டது, ஆமாம் என்றேன். ஹாஸ்டல் ஷெட்யூலைத் திறந்து, பகல் கட்டங்களில் இருந்த பூஜ்யங்களை ஒவ்வொன்றாக அழித்தேன், ராத்திரி டூட்டிக்குப் போகிறவர்கள் மூன்றில் ஒரு பங்கு இருப்பார்கள், அந்த எண்ணை வரிசையாகப் போட்டேன். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். அது அதே நாளைத் திரும்பத் திரும்ப ஓட்ட ஆரம்பித்தது. பத்ரி சார் எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார், "என்ன பெனிட்டோ, நிறுத்திட்டியா? அஞ்சு மணிக்கு அனுப்பணுமேய்யா" என்றார். இன்றைக்கு அனுப்ப முடியாது சார் என்றேன், மேல்மாடி வேகிறது, அந்த இன்சுலேஷன் வேண்டும், பகலில் ஆட்கள் இருக்கிறார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டேன். "பகல்லயா? யாருய்யா இருக்கா?" என்றார். நான் வாசல் கதவைத் தள்ளியிருந்தேன், வெளிக்காற்று முகத்தில் அடித்தது, இந்த நேரத்து வெயில் இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"ஜெசிந்தா" என்றேன்.

"யாரு அது?" என்று பின்னால் கேட்டார்.